அமைதி வீதிகளின் உருவாக்கம்: இங்கிலாந்தின் பீக் மலைநாடும் துவிச்சக்கரவண்டியும்

வீதிகளின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அவற்றை அமைத்தோரையே கருத்திற் கொண்டனர். எந்த ஆட்சியாளர் எத்தனை மைல் நீளமான வீதியை அமைத்தார், எந்தப் பொறியியலாளர் மலையை எவ்வாறு குடைந்தார், எவ்வளவு பொருள் செலவாயிற்று என்பனவே அவ்வரலாறுகளின் உள்ளடக்கமாயின. அமைக்கப்பட்ட வீதியொன்று பின்னர் எவ்வாறு ஆரவாரம் இழந்து அமைதியுறுகின்றது, அவ்வமைதியால் இழந்தவர் யாவர், பெற்றவர் யாவர் என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்பட்டுள்ளன.

இங்கிலாந்தின் மலைசார்ந்த நாட்டுப்புறங்களிலே துவிச்சக்கரவண்டியிற் செல்வோர் வாகன நெரிசலற்ற சிறு வீதிகளைத் தேடிச் செல்லுதல் நூறாண்டுக்கு மேற்பட்ட வழக்கமாகும். கல்மதில்களுக்கிடையே வளைந்தேறும் ஒழுங்கைகளையும், ஆடுகள் மேயும் சரிவுகளையும், ஓசையடங்கிய பள்ளத்தாக்குகளையும் காண்போர்க்கு அவ்வமைதி மலையோடு உடன்பிறந்ததாகவே தோன்றும். வரலாற்று நோக்கில் ஆராயுமிடத்து இத்தோற்றம் பொருந்தாதென்பது புலனாகும். பொருளாதார மாற்றங்களும் சட்டங்களும் மக்கள் இயக்கங்களும் மாறிமாறி ஆக்கியும் அழித்தும் வந்த விளைபொருளே அமைதியான வீதியாகும். டேர்பிசயரை மையமாகக் கொண்ட பீக் மலைநாட்டினை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையும் பாதையும்

மேற்கே மான்செஸ்ரர், கிழக்கே செபீல்ட் என்னும் இரு பெருங் கைத்தொழில் நகரங்களுக்கிடையே அமைந்தது பீக் மலைநாடு. இதன் மிகவுயர்ந்த பகுதியாகிய கிண்டர் ஸ்கவுட் 636 மீற்றர் உயரமுடையது. வடபகுதி கரடுமுரடான மணற்கல்லும் சதுப்புநிலமுங் கொண்டது; தென்பகுதி சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். அம்மேட்டுநிலத்தின் தென்னடிவாரத்தில் அஷ்போர்ன் என்னும் சிறு சந்தை நகர் உள்ளது. 1951ஆம் ஆண்டு பிரித்தானியாவின் முதலாவது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதும் இம்மலைநாடேயாகும்.

இங்கு காணப்படும் பாதைகள் ஒரே காலத்தனவுமல்ல, ஒரே தேவையிற் பிறந்தனவுமல்ல. அவற்றுட் பழையன பொதிக்குதிரைப் பாதைகள். ஈயம், உப்பு, கம்பளி முதலியவற்றைக் குதிரைகளின் முதுகிலேற்றி வரிசையாக நடத்திச் சென்ற பொதிகாரர் இவற்றைப் பயன்படுத்தினர். பொதிக்குதிரைக்கு வீதியின் அகலம் வேண்டியதில்லை. ஏற்றம் செங்குத்தாயினும் அது ஏறிவிடும். ஆகவே இப்பாதைகள் குறுகியனவாயும் செங்குத்தானவையாயும் அமைந்தன. பொதிகள் உரசாதவாறு தாழ்ந்த கைப்பிடிச் சுவருடன் கட்டப்பட்ட சிறு கற்பாலங்கள் இன்றும் அக்காலத்திற்குச் சான்றாய் நிற்கின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டில் சக்கரவண்டிப் போக்குவரத்துப் பெருகியபோது சுங்கவீதிகள் தோன்றின. பாராளுமன்றச் சட்டத்தின் வழி அதிகாரம் பெற்ற நிலவுடைமையாளரும் வணிகரும் நம்பிக்கைப் பொறுப்பாளராக அமைந்து, கடன் பெற்று வீதியைச் செப்பனிட்டு, சுங்கச்சாவடிகளில் வரி அறவிட்டனர். 1830களில் இங்கிலாந்திலும் வேல்சிலும் இத்தகைய பொறுப்பாட்சிகள் ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்தன. அவற்றின் கீழ் ஏறத்தாழ 20,000 மைல் வீதி இருந்தது. கோச்சு வண்டியை இழுக்கும் குதிரைகளுக்குச் செங்குத்தான ஏற்றம் ஒவ்வாததாகையால், சுங்கவீதிகள் மலையைச் சுற்றி மெல்ல ஏறும் புதிய தடங்களைத் தேடின. உடைத்த சிறுகற்களைப் படைபடையாக இட்டு இறுக்கும் மக்கடமின் முறை இக்காலத்திலேயே பரவியது.

மூன்றாவது வகைப் பாதைகள் நிலவடைப்பினால் உண்டானவை. பொதுமேய்ச்சல் நிலங்கள் பாராளுமன்றச் சட்டங்களினால் தனியுடைமையாக்கப்பட்டபோது, ஆணையாளர்கள் நிலத்தை அளந்து பங்கிட்டு, பங்குகளுக்கிடையே நேரான வீதிகளையும் வகுத்தனர். சாந்தின்றி அடுக்கப்பட்ட கல்மதில்கள் பல இவ்வடைப்பின் எல்லைகளாகும். இன்றைய பயணியின் கண்ணுக்கு எழிலாகத் தோன்றும் அம்மதில்கள், பசுவையும் ஆட்டையும் பொதுநிலத்தில் மேய்த்துச் சீவித்த ஏழைக் குடியானவர் உரிமையிழந்ததன் அடையாளமுமாகும்.

ஆறு நாள் ஊழியம்

வீதிகளைப் பேணிய உழைப்பு எங்கிருந்து வந்தது என்பதும் இங்கு நோக்கற்பாலது. 1555ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தின் ஒவ்வொரு பங்கினரும் ஆண்டுதோறும் நான்கு நாள் ஊதியமின்றித் தத்தம் பங்கின் வீதியில் உழைக்க வேண்டுமென விதித்தது. 1563இல் அது ஆறு நாளாக்கப்பட்டது. மனமின்றிச் செய்யப்பட்ட இவ்வூழியத்தாற் பயன் குறைவாகவே இருந்தது. 1835ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் அதனை ஒழித்து வரியினால் வீதிகளைப் பேணும் முறையை நிலைநிறுத்தியது.

இங்கிலாந்திலே வழக்கொழிந்த இந்த ஊழியமுறை அங்கு நீக்கப்பட்டுப் பதின்மூன்று ஆண்டுகளின் பின் இலங்கையிற் புகுத்தப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. 1848ஆம் ஆண்டு வீதிக் கட்டளைச் சட்டம், 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆடவர் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் உழைக்க வேண்டும் அல்லது அதற்கீடாகப் பணஞ் செலுத்த வேண்டும் என்றது. அவ்வாண்டு மாத்தளைப் பகுதியில் வெடித்த கிளர்ச்சிக்கு இச்சட்டமும் ஒரு காரணமாயிற்று. கோப்பித் தோட்டங்களுக்கு வேண்டிய வீதிகளை ஊரவரின் உழைப்பைக் கொண்டு பேண முயன்றமையே அம்மனக்கசப்பின் அடிப்படை. வீதியைச் செய்பவர் ஒருவர், அதன் பயனைக் கொள்பவர் வேறொருவர் என்னும் இம்முரண்பாடு, பீக் மலைநாட்டின் பிற்கால வரலாற்றிலும் வேறு வடிவில் தலைகாட்டுவதைக் காணலாம்.

முதலாவது அமைதி: புகையிரதத்தின் விளைவு

1830இல் லிவர்பூல் - மான்செஸ்ரர் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. அடுத்த இருபதாண்டுகளுக்குள் நெடுந்தூரக் கோச்சு வண்டிகள் நாட்டின் முதன்மை வீதிகளிலிருந்து மறைந்தன. பீக் மலைநாட்டிலும் 1831இல் குறொம்போர்ட் - ஹைபீக் புகையிரதப் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. மேட்டுநிலத்தின் குறுக்கே சமதளங்களையும், நிலையான நீராவியியந்திரங்களால் வண்டிகளை இழுத்தேற்றும் சாய்தளங்களையும் கொண்டு அமைந்த பாதை அது. 1863இல் பக்ஸ்ரன் நகருக்கும் புகையிரதம் வந்து சேர்ந்தது.

சுங்கப் பொறுப்பாட்சிகள் வருமானமிழந்து கடனில் மூழ்கின. ஒவ்வொன்றாக அவை கலைக்கப்பட்டு, 1895இல் இறுதியானதும் முடிவுற்றது. வீதிகளைப் பேணும் சுமை ஏழை ஊர்ப்பங்குகளின் மேல் விழுந்தது. குதிரை மாற்றும் இலாயங்கள் வெறுமையாயின. கோச்சுப் பயணிகளை நம்பி நடந்த சத்திரங்கள் பல மூடப்பட்டன. குதிரை மேய்ப்போரும் இலாடமடிப்போரும் தொழிலிழந்தனர். மலைவீதிகள் அமைதியுற்றன. எனினும் அவ்வூர்களில் வாழ்ந்தோர்க்கு அவ்வமைதி வறுமையின் மறுபெயராகவே இருந்தது. பின்வந்த பயணிகள் நாடிய தனிமை, முன்னிருந்தோரின் பிழைப்பு அழிந்த இடத்திலேயே முளைத்தது என்பது மறத்தற்கரியது.

துவிச்சக்கரவண்டியின் வருகை

வெறுமையான இவ்வீதிகளுக்கே துவிச்சக்கரவண்டி வந்தது. 1870களில் பெருஞ்சக்கரமும் சிறுசக்கரமுங் கொண்ட உயர்ந்த வண்டி பரவியது. அதில் ஏறவும் இறங்கவும் பயிற்சி வேண்டும். செங்குத்தான இறக்கத்திற் கல்லொன்றில் மோதினால் ஓட்டுபவர் தலைகீழாக விழுதல் திண்ணம். 1885இல் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி வெளிக்கொணர்ந்த றோவர் வண்டி, ஏறத்தாழச் சமமான இரு சக்கரங்களையும் பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலியையும் உடையதாய் இவ்விடரைக் குறைத்தது. 1888இல் பெல்பாஸ்ற் நகரில் டன்லொப் காற்றடைத்த சக்கரத்தை உருவாக்கியபின் கரடான நாட்டுப்புற வீதியும் ஓடத்தக்கதாயிற்று.

1878இல் ஹறோகேற் நகரில் தொடங்கப்பட்ட துவிச்சக்கரவண்டிச் சுற்றுலாக் கழகம் இவ்வியக்கத்தின் முதுகெலும்பாயிற்று. 1899இல் அதன் அங்கத்தவர் தொகை 60,000ஐத் தாண்டியது. கழகத்தின் பணி மூன்று வகைப்பட்டது. முதலாவது, வழித் தகவல். ஆபத்தான இறக்கங்களின் தலைப்பில் எச்சரிக்கைப் பலகைகள் நாட்டப்பட்டன. கழகத்தினரின் திருத்தங்களைப் பெற்று பாதலோமியூ நிறுவனம் உயரவேறுபாடுகளை நிறங்களாற் காட்டும் தேசப்படங்களை வெளியிட்டது. வீதியின் ஏற்ற இறக்கங்களைக் குறுக்குவெட்டு வரைபாகக் காட்டும் வழிநூல்களை 1896 முதல் ஹரி இங்கிலிஸ் வெளியிட்டார். ஒரு மலையை ஏறுவதா, இறங்கி வண்டியைத் தள்ளுவதா என்பதைப் புறப்படுமுன்னரே அறிய இவை உதவின.

இரண்டாவது, தங்குமிடம். கழகம் ஏற்றுக்கொண்ட சத்திரங்களின் சுவரிற் சிறகு பூண்ட சக்கரச் சின்னம் பொறிக்கப்பட்டது. கோச்சு வண்டியோடு அழிந்த சத்திரங்களுக்கு இதனாற் புத்துயிர் கிடைத்தது. ஆயின் எல்லோரும் அங்கு ஒருபடித்தாய் வரவேற்கப்படவில்லை. பீக் மலைநாட்டுக்குத் தெற்கே நெடுந்தொலைவிலுள்ள சரே மாவட்டத்தில் 1898இல் நிகழ்ந்த வழக்கொன்று இதற்குச் சான்று. பாவாடைக்குப் பதிலாக வண்டியோட்டத்திற்கேற்ற அகன்ற காற்சட்டை அணிந்து வந்த ஹாபேர்டன் சீமாட்டிக்குச் சத்திரமொன்றின் உணவறையில் இடம் மறுக்கப்பட்டது. கழகம் அவர் சார்பில் வழக்குத் தொடுத்தது. 1899இல் நீதிமன்றம் சத்திரக்காரியைக் குற்றமற்றவரெனத் தீர்த்தது. வீதி திறந்திருந்தும் அதன் ஓரத்திலிருந்த கதவுகள் பெண்களுக்குத் திறக்கவில்லை.

மூன்றாவதும் முக்கியமானதும், வீதியுரிமை. 1888ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டம் துவிச்சக்கரவண்டியைச் சட்டத்தின் முன் ஒரு வண்டியென ஏற்றது. அதனால் வீதியிற் செல்லும் உரிமை ஐயத்துக்கிடமின்றி நிலைபெற்றது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1886இல், துவிச்சக்கரவண்டி அமைப்புகள் ஒன்றுகூடி வீதி மேம்பாட்டுச் சங்கத்தைத் தோற்றுவித்தன. மக்கடமின் முறைப்படி வீதி பேணுவது எவ்வாறென்று துண்டுப்பிரசுரங்கள் அச்சிட்டு உள்ளூர்ச் சபைகளுக்கு அனுப்பியது அச்சங்கம். புகையிரதம் கைவிட்ட வீதிகளை நாட்டின் கவனத்துக்கு மீட்டுக் கொணர்ந்தோர் துவிச்சக்கரவண்டிக்காரரே எனலாம்.

அஷ்போர்னில் 1895

தொடக்கத்தில் துவிச்சக்கரவண்டி மத்தியதர வகுப்பாரின் பொருளாகவே இருந்தது. 1890களின் நடுவிலிருந்து விலை வீழ்ச்சியும் பழைய வண்டிச் சந்தையும் அதனைக் கைத்தொழிலாளருக்கும் எட்டச் செய்தன. றொபேர்ட் பிளச்போர்ட் 1891இல் மான்செஸ்ரரிற் தொடங்கிய சமவுடைமைப் பத்திரிகையான கிளாரியனின் வாசகர் சிலர் 1894இல் பேர்மிங்ஹாமில் கிளாரியன் துவிச்சக்கரவண்டிக் கழகத்தை அமைத்தனர். பல நகரங்களின் கிளைகளும் ஒன்றுகூடிய முதலாவது உயிர்த்தஞாயிறு ஒன்றுகூடல் 1895இல் அஷ்போர்னிலேயே நிகழ்ந்தது.

இடத்தேர்வு தற்செயலானதன்று. ஆலை நகரங்களிலிருந்து ஒரு விடுமுறைக்குட் சென்று திரும்பத்தக்க தொலைவில் மலையும் அமைதியும் கிடைத்த இடம் அது. வாரம் முழுவதும் இயந்திர ஓசையிலும் புகையிலும் உழைத்தோர், ஊர்ச் சந்திகளிற் சமவுடைமைப் பிரசுரங்களை வழங்கியவாறே மலைவீதிகளிற் சென்றனர். அவர்களுக்கு அமைதி என்பது உலகியலிலிருந்து ஒதுங்குதலாக இருக்கவில்லை. உழைப்பாளிக்கும் ஓய்வுரிமை உண்டென்பதன் நிலைநாட்டலாகவே அது இருந்தது.

மோட்டார் வாகனமும் வீதியிழப்பும்

1896ஆம் ஆண்டுச் சட்டம் மோட்டார் வாகனங்களை வீதிக்கு அனுமதித்தது. 1903ஆம் ஆண்டுச் சட்டம் மணிக்கு 20 மைல் வேகத்தை எல்லையாக வைத்தது. மக்கடமின் வீதி குதிரைக்கும் துவிச்சக்கரவண்டிக்கும் ஏற்றது. மோட்டார்ச் சக்கரமோ அதன் மேற்படையைப் பெயர்த்துப் புழுதியாக்கியது. புழுதியை அடக்கத் தார் பூசும் முறை பரவியது. இதனிடையே வீதி மேம்பாட்டுச் சங்கத்தின் போக்கும் மாறிற்று. சுற்றுலாக் கழகத்தில் முன்னின்று உழைத்த வில்லியம் றீஸ் ஜெப்ரீஸ், சங்கத்தின் செயலாளராகவும் பின்னர் மோட்டார்க்காரர் அமைப்பொன்றின் செயலாளராகவும் விளங்கி, 1910இல் அரசின் வீதிச் சபைக்குச் செயலாளரானார். துவிச்சக்கரவண்டிக்காரர் எழுப்பிய கோரிக்கை மோட்டார்க்காரரின் கையில் நிறைவேறியது.

1920களில் வீதிகள் வகைப்படுத்தப்பட்டு எண்ணிடப்பட்டன. அரசின் நிதியுதவி வகைப்படுத்திய வீதிகளுக்கே செறிந்தது. மெல்லென ஏறும் பழைய சுங்கவீதிகள் முதல்தர வீதிகளாயின. துவிச்சக்கரவண்டிக்கு மிக உகந்த ஏற்றமுடைய வீதிகளே மோட்டாருக்கும் உகந்தனவாயின. மக்கிள்ஸ்பீல்ட் - பக்ஸ்ரன் மலைவீதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுங்கவீதியாக அமைக்கப்பட்ட அது, நாட்டின் மிக ஆபத்தான வீதிகளுள் ஒன்றென வீதிப் பாதுகாப்பு ஆய்வுகளிற் பன்முறை குறிப்பிடப்படலாயிற்று. எண்ணிடப்படாத பொதிக்குதிரைப் பாதைகளும் நிலவடைப்பு ஒழுங்கைகளுமே துவிச்சக்கரவண்டிக்காரர்க்கு எஞ்சின. இன்று அமைதி வழிகள் எனப் போற்றப்படுபவை செங்குத்தானவையாய் இருப்பதன் காரணம் இதுவே: எளிய ஏற்றங்கள் யாவும் முன்னரே கைப்பற்றப்பட்டுவிட்டன.

இவ்வொதுக்கத்தை விருப்பத்தோடு ஏற்றுக்கொண்டோரும் உளர். வேபேரர் என்னும் புனைபெயரில் எழுதிய றொபின்சன், வேல்சின் பேர்வின் மலைத்தொடரைப் பனியினூடே வண்டியுடன் கடந்த அனுபவத்தை 1919இல் எழுதினார். வீதி முடிந்த இடத்திலும் பயணம் முடிவதில்லை என்னும் நோக்கு அதனாற் பரவியது. 1955இல் லெமின்ஸ்ரர் நகரில் அமைக்கப்பட்ட கரட்டுவழிக் கழகம் இந்நோக்கின் வழிவந்தது.

ஒதுக்கத்தை எதிர்த்தோரின் குரலும் ஒலித்தது. 1932 ஏப்பிரலில் மான்செஸ்ரர்த் தொழிலாளர் நூற்றுக்கணக்கில், நிலவுடைமையாளரின் வேட்டைக்காடாக அடைக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கவுட்டின் மேல் தடையை மீறி ஏறினர். புகையிரத நிலையத்திற் பொலிசார் காத்திருந்தமையால், அவர்களை வழிநடத்திய பென்னி றொத்மன் துவிச்சக்கரவண்டியிலேயே அவ்விடம் சென்றடைந்தார். ஐவர் சிறையிடப்பட்டனர். 1934 டிசம்பரில் இலண்டனின் மேற்கே துவிச்சக்கரவண்டிக்கெனத் தனிப்பாதை முதன்முதலாகத் திறக்கப்பட்டபோது, சுற்றுலாக் கழகம் அதனை வரவேற்காது எதிர்த்தது. தனிப்பாதை தருவோர் நாளை பொதுவீதியை மறுப்பர் என்பதே கழகத்தின் அச்சம். இவ்வச்சத்தை வெறும் பிடிவாதமெனத் தள்ளிவிட முடியாது. தம் முன்னோர் திருத்திய வீதிகளிலிருந்து தாமே அகற்றப்படுவதைக் கண்ணெதிரே கண்டவர்களின் அச்சம் அது.

இரண்டாவது அமைதி: கைவிடப்பட்ட இரும்புப்பாதைகள்

1949இல் பிரித்தானியாவில் துவிச்சக்கரவண்டிகள் ஓடிய மொத்தத் தூரம் 2,300 கோடி கிலோமீற்றருக்கு மேற்பட்டது. 1973இல் அது 400 கோடிக்கும் குறைந்தது. மோட்டார் வாகனம் துவிச்சக்கரவண்டியை மட்டுமன்றிப் புகையிரதத்தையும் வீழ்த்தியது. முன்னர் வீதிகளை வெறுமையாக்கிய புகையிரதம், இப்போது தானே வெறுமையாயிற்று.

அஷ்போர்னுக்கும் பக்ஸ்ரனுக்கும் இடையிலான புகையிரதப் பாதை 1899இற் திறக்கப்பட்டது. கிளாரியன் கழகத்தார் அங்கு கூடி நான்காண்டுகளின் பின். 1954இல் அதன் ஒழுங்கான பயணிகள் சேவை நின்றது; 1960களில் அஷ்போர்னிலிருந்து தொடங்கும் பகுதி முற்றாக மூடப்பட்டது. குறொம்போர்ட் - ஹைபீக் பாதை 1967இல் மூடப்பட்டது. இத்தடங்களை உள்ளூராட்சியும் தேசியப் பூங்கா நிர்வாகமும் வாங்கி, தண்டவாளம் அகற்றப்பட்ட நிலத்தை நடப்போர்க்கும் துவிச்சக்கரவண்டிக்கும் குதிரையேறுவோர்க்கும் உரிய வழிகளாக்கின. 1971இல் திறக்கப்பட்ட ரிசிங்ரன் வழி, அஷ்போர்னிலிருந்து 13 மைல் தூரம் மேட்டுநிலத்தின் மேல் மெல்லென ஏறிச் செல்கின்றது. நீராவியியந்திரத்துக்காகக் குறைக்கப்பட்ட ஏற்றம், எளிய ஏற்றங்களை இழந்திருந்த துவிச்சக்கரவண்டிக்காரர்க்கு அரை நூற்றாண்டின் பின் மீளக் கிடைத்தது. 1968இல் மூடப்பட்ட பக்ஸ்ரன் பெரும்பாதையின் ஒரு பகுதியும் 1981இல் மொன்சல் வழியாயிற்று. அதன் சுரங்கங்கள் 2011இற் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டன.

இதற்கு முன்னோடியொன்றும் அருகிலேயே உண்டு. ஸ்ரபோர்ட்சயரின் மனிபோல்ட் பள்ளத்தாக்கில் 1904இல் திறந்து 1934இல் மூடப்பட்ட சிறு புகையிரதப் பாதை, 1937இலேயே நடைவழியாக்கப்பட்டது. ஆயின் பிற்காலத்தில் அதன் ஒரு பகுதி மோட்டார் வாகனங்களுக்கும் விடப்பட்டது. ஒருமுறை கிடைத்த அமைதி என்றைக்கும் நிலைக்குமென்று கொள்ளலாகாது என்பதற்கு இது சான்றாகும்.

சட்டமும் இக்காலத்திற் துணை செய்தது. 1968ஆம் ஆண்டு நாட்டுப்புறச் சட்டம், குதிரைவழிகளில் துவிச்சக்கரவண்டியிற் செல்லும் உரிமையை வழங்கியது. நடப்போர்க்கும் குதிரையேறுவோர்க்கும் வழிவிட வேண்டுமென்பது நிபந்தனை. மனிதர் தீர்க்காத வழக்கொன்றை மலையே தீர்த்ததுமுண்டு. காசில்ரன் அருகே, வின்னற்ஸ் கணவாயின் செங்குத்தைத் தவிர்ப்பதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாம் ரோர் மலைச்சரிவில் ஒரு சுங்கவீதி வெட்டப்பட்டது. மண்சரிவு அதனை மீண்டும் மீண்டும் பிளந்தது. 1979இல் வாகனங்களுக்கு அது நிரந்தரமாக மூடப்பட்டது. மோட்டார் வாகனங்கள் பொதிக்குதிரைக் காலத்துக் கணவாய்க்கே திரும்பின. பிளந்து கிடக்கும் வீதி கால்நடைப் பயணிக்கும் துவிச்சக்கரவண்டிக்காரர்க்கும் உரியதாயிற்று.

அமைதியைப் பேணுதல்

1977இல் பிரிஸ்ரல் நகரிற் சில தன்னார்வலர் தொடங்கிய இயக்கம் பின்னர் சஸ்ரிரான்ஸ் என்னும் நிறுவனமாக வளர்ந்து, 1995இல் அதிர்ஷ்டலாபச் சீட்டு நிதியுதவியுடன் தேசியத் துவிச்சக்கரவண்டி வழியமைப்பை நாடெங்கும் விரித்தது. 2000ஆம் ஆண்டு அதன் முதல் 5,000 மைல் திறக்கப்பட்டது. அவ்வழிகளிற் பெரும்பகுதி புதிதாக அமைக்கப்பட்டதன்று; ஏற்கெனவே அமைதியாயிருந்த சிறு வீதிகளுக்கு எண்ணும் அறிவிப்புப் பலகையும் இடப்பட்டன.

இவ்வாறு வாகனங்கள் இன்னும் வாராத வீதிகளிற் தங்கியிருத்தல் அவ்வமைப்பின் வலிமையாகவும் பலவீனமாகவும் இருந்தது. 2020இல் சஸ்ரிரான்ஸ் தன் வழிகளில் ஏறத்தாழக் காற்பங்கினைப் பாதுகாப்புக் குறைவு காரணமாக வழியமைப்பிலிருந்து நீக்கவோ வேறுவகைப்படுத்தவோ நேர்ந்தது. அமைதியென்று பலகை நாட்டியதனால் ஒரு வீதி அமைதியாக இருந்துவிடுவதில்லை. சிறு ஒழுங்கைகளிலும் மணிக்கு 60 மைல் வேகத்தைச் சட்டம் பொதுவெல்லையாகக் கொண்டுள்ள நாட்டில் இது வியப்பன்று. 2000ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் உள்ளூராட்சிகள் அமைதி ஒழுங்கைகளைப் பிரகடனஞ் செய்ய அதிகாரமளித்தது. அவ்வதிகாரத்தைப் பயன்படுத்துவதும் விடுவதும் சபைகளின் விருப்பத்துக்கே விடப்பட்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பீக் மலைநாட்டின் வீதிகள் மூவகையான அமைதியைக் கண்டுள்ளன எனலாம். முதலாவது, பிழைப்பு வேறிடம் பெயர்ந்ததனால் உண்டான அமைதி. புகையிரதம் வந்தபின் சுங்கவீதிகளில் நிலவியது அது. இரண்டாவது, பெருவீதியின் நன்மைகள் கிட்டாத இடத்து எஞ்சிய அமைதி. எண்ணிடப்படாத ஒழுங்கைகளில் நிலவுவது அது. இவ்விரண்டும் எவராலும் திட்டமிடப்பட்டவையல்ல. ஆகவே, அவற்றைக் காக்கவும் எவரும் கடமைப்பட்டிருக்கவில்லை. பொருளாதாரக் காற்று மாறியபோது அவை கலைந்தன. மூன்றாவது, மக்கள் கேட்டுப் பெற்ற அமைதி. குதிரைவழியுரிமையும், பொதுப்பணத்தில் வாங்கப்பட்ட இரும்புப்பாதைத் தடங்களும் இவ்வகையின.

துவிச்சக்கரவண்டிக்காரரின் நூற்றைம்பதாண்டு வரலாறு தரும் படிப்பினை இங்கேயே உள்ளது. 1886இல் அவர்கள் நல்ல வீதியைக் கேட்டனர். வீதி நல்லதாயிற்று, ஆயின் அவர்களுடையதாக நிலைக்கவில்லை. வீதி எத்தன்மையதாக இருக்கவேண்டுமெனக் கேட்டவர்கள், அது யாருக்கு முதலுரிமையுடையதாக இருக்கவேண்டுமென்று அன்று உரத்துக் கேட்கவில்லை. 1932இல் கிண்டர் மலையேறிய தொழிலாளர் கேட்டது இரண்டாவது வினாவையே. ஆறு நாள் ஊழியஞ் செய்த ஆங்கிலக் குடியானவனும், அதே ஆறு நாளை எதிர்த்த மாத்தளைக் குடியானவனும் வெவ்வேறு சூழலில் எழுப்பியதும் இதனோடொத்த வினாவே. வீதி பொதுச்சொத்து என்பது ஏட்டளவில் எளிது. அதன்மேல் மெதுவாகச் செல்பவனுக்கும் உரிய இடம் கிடைக்கும்போதே அச்சொல் பொருளுடையதாகும்.